மஞ்சள் பலகையோரம் நின்ற வண்டி

கார் ரேலி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முன்னால் போகிற ஆளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. திருமூர்த்திக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

அவன் பொள்ளாச்சி ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்தான். ஊர் வண்டிகளின் சக்கரத்தையெல்லாம் நேராக்கிக் கொடுப்பான். அவன் புத்தி மட்டும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இருந்தவர் பெயர் ராமபத்ரன். ஏழு வருஷமாக அவர்தான் சாம்பியன்.

ரேலி என்றதும் பத்து வண்டி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். மண் ரோட்டில் ஒவ்வொரு வண்டியாக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். யார் குறைந்த நேரத்தில் ஓடி முடிக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். வண்டிக்குள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து வரப்போகிற வளைவு எத்தனை மீட்டரில், எந்தப் பக்கம், எந்த நம்பர் கடுமை என்று விடாமல் வாசித்துக்கொண்டே வருவார். எதிரியின் முகத்தைப் பார்க்கவே முடியாது. அவர் கிளப்பிவிட்டுப் போன புழுதியைத் தின்னலாம், அவ்வளவுதான்.

மூர்த்திக்கு வாசித்தவள் எஸ்தர். மற்ற நாளில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட்.

"ஊருக்கெல்லாம் நான் பாலிசி போட்டுத் தர்றேன். நான் என்ன பண்றேன்னு தெரிஞ்சா எனக்கு ஒருத்தனும் தரமாட்டான்" என்று சிரிப்பாள்.

மூர்த்திக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பக்கத்து சீட்டில் இருந்தபடியே, எப்போது பொறுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று குரலாலேயே சொல்லிக்கொடுத்தாள். அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டான். மனசுக்குள் குரு என்றுதான் வைத்திருந்தான்.

அதற்கு முன்னால் அவள் ராமபத்ரனுக்கு வாசித்தவள். அவருடைய முதல் கோப்பைகள் எல்லாம் அவள் வாசிப்பில் வந்தவை. ஒரு நாள், ஓட்டம் முடிந்த இடத்திலேயே அவர் வண்டியைவிட்டு இறங்கினாள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தாள். ஏன் என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை, இவளும் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் எல்லாப் பந்தயத்திலும் ராமபத்ரன் முதலாவது, மூர்த்தி இரண்டாவது. ஆனால் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும், "அடுத்த தடவை நீதான்டா" என்று முதுகில் தட்டினார்கள்.

கடைசிப் பந்தயத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ராமபத்ரன் அறிவித்தார். இதோடு சரி, இனி ஓட்டப்போவதில்லை.

ஊர் சந்தோஷப்பட்டது. "அப்புறம் என்ன மூர்த்தி? அடுத்த வருஷம் உன் ராஜ்யம்தான்" என்றார்கள். மூர்த்தி மட்டும் சந்தோஷப்படவில்லை.

நேராக எஸ்தரிடம் போனான்.

"அடுத்த வருஷம் யாரு வேணா சாம்பியன் ஆகிக்கலாமுங்க்கா. காலியான நாற்காலியில குந்தறதுக்கு நான் எதுக்கு? அவரை ஜெயிச்சவன்னு இருந்தா இந்த ஒரு பந்தயத்துல இருக்கணும். இதை விட்டா இல்லைங்க."

"ஆமா. இல்லை."

"நான் அவரைவிட வேகமாங்க்கா?"

எஸ்தர் கையிலிருந்த பாலிசி காகிதங்களை அடுக்கினாள்.

"அவருக்கும் வாசிச்சிருக்கீங்க, எனக்கும் வாசிக்கறீங்க. ரெண்டு பேர் பக்கத்துலயும் குந்தினது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். சொல்லுங்க."

"பந்தயம் முடியட்டும். சொல்றேன்."

"எதைக் கேட்டாலும் இப்படித்தான். அவரை விட்டு ஏன் இறங்கினீங்கன்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன்?"

"அதையும் அன்னிக்கே சொல்றேன். போ, டயரைப் பாரு."

மூர்த்தி போய் டயரைப் பார்த்தான்.

அந்தப் பந்தயம் உடுமலைக்குத் தெற்கே, காற்றாலைகள் நிற்கிற காட்டில் நடந்தது. காடு என்றால் மரம் செடி கொடி இல்லை. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைத்தான் காடு என்போம். காற்றாலைக்குச் சாமான் ஏற்றிப்போகப் போட்ட செம்மண் ரோடுகள் அந்தக் காட்டில் பின்னிக்கிடக்கும். இரண்டு நாள் பந்தயம். முதல் நாள், வருஷப் புள்ளியில் முன்னால் இருக்கிறவர் முதலில் போவார். ஆகவே ராமபத்ரன் முதலில் போனார், மூர்த்தி இரண்டாவதாகப் போனான்.

அன்றைக்கு மூர்த்தி ஓட்டினானே, அது ஓட்டம். எஸ்தர் வாசிக்க வாசிக்க, வளைவு அவன் கைக்குள் வந்து விழுந்தது. காலையில் ராமபத்ரனிடம் தோற்ற நேரத்தை மத்தியானம் மீட்டுவிட்டான். சாயங்காலம் கடைசி ஓட்டம் முடிந்தபோது இரண்டு பேருக்கும் நடுவில் சில செகண்டுகள்தான். ராமபத்ரன் கொஞ்சம் முன்னால். அவ்வளவுதான்.

ஓட்டம் முடிந்த பிறகு ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு வண்டியும் தனக்குக் குறித்த நிமிஷத்தில் ஒரு மேஜைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் அட்டையை நீட்டுவார், மேஜைக்காரர் நேரத்தைக் குறித்துக் கொடுப்பார். ஒரு நிமிஷம் தாமதமாகப் போனால் பத்து செகண்ட் அபராதம். அதனால் எல்லாரும் முன்கூட்டியே வந்து, மேஜைக்குச் சற்று முன்னால் நட்டிருக்கிற மஞ்சள் பலகையோரம் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார்கள். தங்கள் நிமிஷம் வந்ததும் உள்ளே போவார்கள்.

மூர்த்தி அங்கே போனபோது ராமபத்ரன் வண்டி பலகையோரம் நின்றுகொண்டிருந்தது. அவர் இறங்கி, பானட்டில் சாய்ந்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள் அவருக்கு வாசிக்கிற பையன் மடியைப் பார்த்துக் குனிந்திருந்தான்.

எஸ்தர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவர் நிமிஷம் போயிடுச்சு" என்றாள்.

"போயிடுச்சுங்களா?"

"போயிடுச்சு."

ராமபத்ரன் கண்ணாடியின் இன்னொரு பக்கத்தைத் துடைத்தார்.

"வண்டி படுத்துருச்சுங்க்கா!" மூர்த்தியின் குரல் ஏறியது. "கிளம்ப மாட்டேங்குது போல. அப்படிப் போடு!"

"மூர்த்தி, நிக்கலாமா?"

"எதுக்குங்க்கா? நம்ம நிமிஷம் வந்துடுச்சே."

"என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலாம்."

"நமக்கு எதுக்குங்க அதெல்லாம்? அவருக்கு ஆள் இல்லையா?"

எஸ்தர் ஒரு கணம் அவனைப் பார்த்தாள்.

"சரி. போ" என்றாள்.

மூர்த்தி ராமபத்ரனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

சற்றுப் பொறுத்து ராமபத்ரன் வண்டியும் ஒழுங்காகக் கிளம்பி, ஒழுங்காக உள்ளே வந்தது. தாமதத்துக்கு அபராதம் போட்டார்கள். முதல் நாள் முடிவு எழுதிய பலகையில் திருமூர்த்தி பெயர் மேலேயும், ராமபத்ரன் பெயர் கீழேயும் வந்தது.

அடேயப்பா, அந்தக் கூத்தைப் பார்க்க வேண்டுமே! மூர்த்தியின் மெக்கானிக் சம்சு பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டான். எங்கிருந்தோ ஒரு ரோஜா மாலை வந்தது. கடை வாடிக்கையாளர்கள் எல்லாம் போன் போட்டார்கள். ராமபத்ரன் ஏன் நின்றார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வேறு ஆளாக இருந்தால் யோசித்திருப்பார்கள். ராமபத்ரன் எவனுக்காகவும் எதற்காகவும் நிற்காத மனுஷன் என்று அந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஏதோ ஒயர் கழன்றிருக்கும், மாட்டிக்கொண்டு வந்திருப்பார் என்று விட்டுவிட்டார்கள். மூர்த்தியும் விட்டுவிட்டான்.

மாலையோடு எஸ்தரிடம் வந்தான்.

"இப்பவாவது சொல்லுங்க்கா. வேகமா, இல்லையா?"

"பந்தயம் இன்னும் முடியல."

"அட, போங்கக்கா."

"ஒண்ணு கேக்கட்டுமா? அவர் வண்டி படுத்துருச்சுன்னு நினைச்சியே, அப்ப எப்படி இருந்துச்சு?"

மூர்த்தி சிரித்தான். "உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேனுங்க்கா. வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு."

"ம்" என்றாள் எஸ்தர். "சாப்பிட்டுப் படு."

காலையில் மூர்த்தி வண்டிக் கதவைத் திறந்தான். அவன் சீட்டில் ஒரு சீமாறு கிடந்தது. தென்னை ஈர்க்கில் புதிதாகக் கட்டிய சீமாறு.

ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது அவனுக்கு. நல்ல நாளும் அதுவுமாக ஒருவன் உட்காரும் இடத்தில் சீமாற்றைப் போட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"எவன்டா வெச்சது? டேய் சம்சு! அந்த ராமபத்ரன் ஆளுகதானே? இன்னிக்கு ஒரு கை பாத்துடறேன்!"

"நான்தான் வெச்சேன்" என்றாள் எஸ்தர். ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மூர்த்தி அவள் பக்கம் திரும்பினான்.

"என்னங்க்கா இது? நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"தப்பு ஒண்ணுமில்ல. இன்னிக்கு உன் வேலை அதுதான்."

"என்ன வேலை?"

"இன்னிக்கு யாரு முதல்ல போறது?"

"நாந்தானுங்க. நேத்து முதல்ல வந்தவன்தானே இன்னிக்கு முதல்ல..."

சீட்டில் கிடந்த சீமாற்றைத் திரும்பிப் பார்த்தான்.

இதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தச் செம்மண் ரோட்டில் மேலாகப் பொடிக்கல் பரவிக் கிடக்கும். சிமெண்டுத் தரையில் கடுகைக் கொட்டி அதன்மேல் ஓடிப் பாருங்கள், தெரியும். முதலில் போகிற வண்டி அந்தக் கல்லின்மேல் வழுக்கி வழுக்கி, சக்கரத்தால் அதை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு இறுகிய மண் கிடைக்கும், சக்கரம் கவ்விப் பிடிக்கும். ரேலிக்காரர்கள் இதற்கு ரோடு கூட்டுகிறது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முன்னால் இருக்கிறவன் தலையெழுத்து அது. வருஷம் முழுக்க இரண்டாவதாகவே போன மூர்த்திக்கு அந்தப் பேச்சு காதால் கேட்டதுதான். ஒரு நாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

"அவர் நேத்து வண்டி கெட்டு நிக்கல" என்றான்.

"இல்ல."

"வேணும்னே நின்னாரு. சீமாத்தை என் கையில குடுக்கறதுக்கு."

"ஆமா."

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை? நாமளும் நின்னிருக்கலாமே! அவர் எவ்வளவு நேரம் நிக்கறாரோ அதுக்கு மேல ஒரு நிமிஷம் நின்னிருக்கலாமே!"

"நிக்கலாமான்னு கேட்டேன்."

"எதுக்குன்னு சொல்லலையே!"

"நிக்கறதா வேண்டாமாங்கறது ஓட்டறவன் பாடு. ஒரு தடவை கேப்பேன். அதுக்கு மேல யாரையும் நில்லுன்னு கெஞ்சறதில்லைன்னு வெச்சிருக்கேன்."

மூர்த்தி சீமாற்றைக் கையில் எடுத்தான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்போதுதான் அதைவிடப் பெரிய இடி அவன் தலையில் இறங்கியது.

"அக்கா."

"சொல்லு."

"வருஷம் பூரா நான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சேனே, அந்த நேரமெல்லாம்?"

"அவர் கூட்டின ரோட்டுல குறைச்சது."

"நேத்து ஓட்டினது?"

"அதுவும்தான்."

இதை இத்தனை பச்சையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் எஸ்தர் அப்படித்தான். வளைவு கடுமை என்றால் கடுமை என்றுதான் வாசிப்பாள். கேட்கிறவன் பயப்படுவானே என்று சுலபம் என்று வாசித்தால் பள்ளத்தில்தான் போக வேண்டும்.

"அப்போ நான் யாருங்க்கா?" என்றான் மூர்த்தி.

"பெல்ட்டைப் போடு. நேரமாச்சு."

சீமாற்றைச் சம்சுவிடம் கொடுத்துவிட்டு மூர்த்தி ஏறி உட்கார்ந்தான்.

அன்றைய ஓட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? முதல் வளைவிலேயே வண்டி அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு நேராகப் போனது. பிரேக்கை மிதித்தால் சறுக்கியது. சக்கரத்துக்கு அடியில் கல் கலகலவென்று உருண்டுகொண்டே இருந்தது. நேற்று கைக்குள் வந்து விழுந்த வளைவெல்லாம் இன்றைக்கு நழுவிப் போனது. ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் நேரத்தைச் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் ராமபத்ரன் அவனைவிடக் குறைவு. ஏன் இருக்காது? மூர்த்தி பாடுபட்டு ஒதுக்கிவைத்த தடத்திலேயே சக்கரத்தை வைத்து, ராஜபாட்டையில் வருகிற மாதிரி வந்தார்.

மத்தியானத்துக்குள் முதலிடம் கைவிட்டுப் போயிற்று.

அதற்கப்புறம் ஒரு வளைவில் வண்டி அப்படியே வழுக்கி வேலியோரக் குழிக்குள் இறங்கிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த சனம் ஓடிவந்து, ஹோ என்று கத்திக்கொண்டே தள்ளி ஏற்றிவிட்டது. நல்ல சனம். அவர்களுக்கு அது ஒரு கொண்டாட்டம். மூர்த்திக்கு ஹெல்மெட்டுக்குள் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கைபோகாது அதற்குள்.

"நான் இங்கேயே நிறுத்திக்கறேனுங்க்கா."

"நிறுத்திக்கோ."

"நிறுத்தாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்."

மூர்த்தி கியரைப் போட்டான். எஸ்தர் விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

"நூறு. இடது நாலு. உள்ளே வெட்டாதே. மேடு."

கடைசி ஓட்டத்தில் அவன் உயிரைக் கொடுத்து ஓட்டினான். வழுக்குகிற மண்ணில் வழுக்குகிறபடியே ஓட்டினான். பிறந்ததிலிருந்து அப்படி ஓட்டியதில்லை. பிரயோஜனம்? ஜெயிக்கப் போதவில்லை. பின்னாலேயே ராமபத்ரன் வந்தார், முடித்தார், எட்டாவது தடவையாகச் சாம்பியன் ஆனார். மைக்கில் ஒருவர், தோற்காமலே விடைபெறுகிற வீரர் என்று தொண்டை கிழியக் கத்தினார். சால்வை மேல் சால்வையாகப் போர்த்தினார்கள்.

மூர்த்தியையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் பரிசு. ராமபத்ரன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல உயரம், நரை ஓடிய மீசை, சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. காதோரம் குனிந்து, மைக்குக்கு எட்டுகிற மாதிரியே சொன்னார்.

"ரோடு நல்லாக் கூட்டி வெச்சிருந்தே தம்பி. ரொம்ப நன்றி."

மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கீழே இருந்தவர்களும் சிரித்தார்கள். ராமபத்ரன் சாரும் தமாஷ் பண்ணுவாரே என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். மூர்த்தி கோப்பையை வாங்கிக்கொண்டு இறங்கினான்.

அவ்வளவுதான். இனி அந்த மனுஷன் ஓட்டப்போவதில்லை. இனி எத்தனை கோப்பை வாங்கினாலும் அவரை ஜெயித்ததாக ஆகாது. இந்த ஜென்மத்தில் அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது.

வெயில் தாழ்ந்தது. சம்சு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மூர்த்தி ஒரு ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்திருந்தான். சாப்பிடவில்லை. யார் கூப்பிட்டும் வரவில்லை. எஸ்தர் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"விட்டுடறேனுங்க்கா" என்றான் மூர்த்தி. "கடையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கறேன். வருஷம் பூரா அவர் கூட்டின ரோட்டுல ஓடிட்டு, நான் பெரிய இவன்னு நினைச்சுக்கிட்டிருந்திருக்கேன்."

"விடறதுன்னா விடு."

"நீங்களும் ஒரு ஆறுதல் சொல்ல மாட்டீங்க."

"பந்தயம் முடிஞ்சிடுச்சு. நீ ரெண்டு கேட்டிருந்தே. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மூர்த்தி கையை விரித்தான். "இனி எதுக்குங்க? முதல் கேள்விக்கு ஊரே பதில் சொல்லியாச்சு. நாந்தான் மேடையில நின்னு கேட்டேனே."

"ரெண்டாவதை முதல்ல சொல்றேன். அவரை விட்டு ஏன் இறங்கினேன்னு கேட்டியே."

மூர்த்தி தலையை நிமிர்த்தவில்லை.

"ஒரு எஸ்டேட் ரோடு. அன்னிக்குக் கடைசி ஓட்டம். நாங்க ரெண்டாவதாப் போறோம். முன்னாடி போன வண்டி ஒரு வளைவுல குப்புற விழுந்து கிடந்துச்சு. ஓட்டினவன் எப்படியோ வெளிய வந்துட்டான். மூஞ்சியெல்லாம் ரத்தம். நடு ரோட்டுல நின்னு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டிருந்தான்."

"கை தூக்கினா நிக்கணுமுங்களே. யாரா இருந்தாலும்."

"நிக்கணும். நில்லுங்கன்னேன். நிக்கல. அவனைச் சுத்திக்கிட்டுப் போனாரு. இன்னும் ஒருத்தன் உள்ளே இருக்கான், நில்லுங்க, நில்லுங்கன்னு காதுக்குள்ள கத்தினேன். கெஞ்சினேன். பின்னாடி வர்றவன் பாத்துக்குவான், நீ வாசின்னாரு."

சம்சு கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய்விட்டான்.

"நான் வாசிக்கல. வாசிக்காமலே ஓட்டி முடிச்சாரு. முடிச்ச இடத்துல கதவைத் திறந்து இறங்கிட்டேன்."

"உள்ளே இருந்தவருங்க்கா?"

"பின்னாடி வந்தவங்க நின்னாங்க. கண்ணாடியை உடைச்சு வெளிய எடுத்தாங்க. அதுக்குள்ள போயிட்டான். சின்ன வயசு. வாசிக்கறவன்தான், என்னை மாதிரி."

"நீங்க யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"நடத்தினவங்ககிட்டச் சொன்னேன். புழுதியில ஒண்ணும் தெரியலைன்னு அவர் சொன்னாரு. அவரைத்தான் நம்பினாங்க. அன்னிக்கும் அவருக்குத்தான் கோப்பை."

நேற்று மஞ்சள் பலகையோரம் நிக்கலாமா என்று அவள் கேட்டது மூர்த்தியின் காதில் விழுந்தது. தான் சொன்ன பதிலும் விழுந்தது.

"நானும் நேத்து கேக்காமத்தானே போனேன்" என்றான்.

"ஆமா" என்றாள் எஸ்தர்.

பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கி ஒரு மடக்குக் குடித்தான். காற்றாலை இறக்கைகளின் நிழல் அவர்கள்மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. மேடைப் பக்கம் இன்னும் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட இதை எதுக்குங்க்கா இப்பச் சொல்றீங்க? நான் கேட்டது வேற. நான் அவரைவிட வேகமா இல்லையான்னு கேட்டேன். அதுக்கு இனிமே யாராலயும் பதில் சொல்ல முடியாது. உங்களாலயும்தான்."

எஸ்தர் எழுந்து, ஹெல்மெட்டை எடுத்து இடுக்கிக்கொண்டாள்.

"அதுக்கு அவரே பதில் சொல்லிட்டாரு, மூர்த்தி. சாகக் கிடந்தவனுக்கு நிக்காத மனுஷன் அவரு. நேத்து உனக்கு நின்னாரு."